நாலு மணித் தெரு

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் திறப்பைக் கையில தாறன், முதலாளி."

அப்பா இப்படிச் சொன்னதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற இன்பமலர் கேட்டுவிட்டாள். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

இன்பமலரின் அப்பா பேணாட் ஒரு தையல்காரர். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொடிக்கம்பத் தெருவில் அவருடைய கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடைச் சாவியான அந்தத் திறப்பைக் கேட்டு வந்தவர் கனகரத்தினம் முதலாளி. அவருக்கு உர மூட்டைகளை அடுக்கி வைக்க ஒரு கிட்டங்கி வேண்டுமாம்.

"பேணாட் பூட்டினால் நானும் பூட்டுறன்" என்றார் பக்கத்துக் கடைக் குலசிங்கம். "குலசிங்கம் பூட்டினால் நாங்களும் பூட்டுறம்" என்றார்கள் மற்ற நாலு கடைக்காரர்கள். இப்படி ஆறு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

கடை போனால் வீடும் போய்விடும். அப்பா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல் வேலைக்குப் போவார். அம்மாவும் இன்பமலரும் கப்பல்துறைக் கிராமத்தில் மாமா வீட்டில் ஓர் அறையில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் மாற வேண்டும். இரண்டு தையல் மெசின்களையும் விற்றுவிட வேண்டும். அந்த மெசின்களில் சின்னதுதான் இன்பமலர் தைக்கப் பழகியது. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

அந்தத் தெரு முன்பு இப்படியா இருந்தது? துறைமுகம் நிறைய வெள்ளைக்காரரின் போர்க்கப்பல்கள் நிற்கும். பின்னேரமானால் மாலுமிகள் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு இறங்குவார்கள். அப்பாவிடம் வெள்ளை உடுப்புத் தைப்பார்கள். குலசிங்கத்திடம் சவர்க்காரமும் சீப்பும் சப்பாத்து நாடாவும் வாங்குவார்கள். கப்பல் விடிய வெளிக்கிடுகிறது என்றால், அதற்கு முன் உடுப்பை மடித்துக் கையில் கொடுத்துவிடுவார் அப்பா. ஒரு தரமாவது பிந்தியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று முதல் தெரு வெறிச்சோடிப் போனது. அப்பா பின்னேரத்தில் கடையைத் திறப்பார், தெருவைப் பார்ப்பார், பொழுது பட்டதும் பூட்டுவார்.

* * *

வியாழக்கிழமை காலை, மீன் வாங்கிவர அம்மா இன்பமலரை இறங்குதுறைக்கு அனுப்பினார்.

அவள் சூடை மீனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வளைகுடாவுக்கு அக்கரையில் உள்ள மூதூரில் இருந்து லோஞ்சு வந்து சேர்ந்தது. அது அறுபது பேர் ஏறக்கூடிய மோட்டார் வள்ளம். ஆட்கள் பைகளும் சாப்பாட்டுப் பாத்திரங்களுமாக இறங்கினார்கள். எல்லாரும் எந்த வழியாகப் போனார்கள் தெரியுமா? கொடிக்கம்பத் தெரு வழியாகத்தான். இறங்குதுறையில் இருந்து ஆஸ்பத்திரிக்கும் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கும் சந்தைக்கும் போக அதுதான் குறுக்கு வழி.

இன்பமலருக்கு ஆச்சரியமாக இருந்தது. மற்ற நாட்களில் இந்த நேரம் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். இப்போது விடுமுறை என்பதால்தான் இதைப் பார்க்கிறாள். கையில் மீன் பொதிந்த சரையோடு அவள் அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பூனையும் நடந்தது.

தெருவில் ஆறு கடைகளும் பலகை போட்டு மூடிக் கிடந்தன. ஒரு பெண் மட்டும் அப்பாவின் கடைக்கு முன்னால் நின்றார். விளம்பரப் பலகையில் இருந்த சட்டைப் படத்தை அவருடைய மகன் சுட்டிக் காட்டினான். அவர் கதவுப் பலகையில் தட்டினார்.

உள்ளே இருந்து அப்பாவின் குரல் வந்தது. "கடை நாலு மணிக்குத்தான்! நாலு மணிக்கு வாங்கோ!"

"நாலு மணிக்கு நாங்க ஊருல சோறாக்கிட்டு இருப்பம்" என்று முணுமுணுத்துக்கொண்டு அந்தப் பெண் திரும்பினார்.

இன்பமலர் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றாள். "மாமி, உங்களுக்கு என்ன தைக்க வேணும்?"

"இவனுக்குத்தான் மகள், ஜெமீலுக்கு. திங்கக்கிழமை பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போறான். ஒரு வெள்ளைச் சேட்டும் நீலக் காற்சட்டையும் வேணும். சந்தையில தைக்கிறவர் பத்து நாள் கேக்கிறாரு."

"புது உடுப்பு இல்லாட்டி நான் போகமாட்டன்" என்றான் ஜெமீல். அவனுக்கு இன்பமலரை விட ஒரு வயது குறைவாக இருக்கும். முகம் மட்டும் பெரிய மனிதர் முகம்போல இருந்தது.

"நாளைக்கும் வருவீங்களோ?"

"ஓம், நாள்தோறும் வாறம். இவன்ட வாப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. சாப்பாடு குடுத்திட்டு மத்தியான லோஞ்சில போயிருவம்."

இன்பமலர் வீட்டுக்குள் ஓடினாள். அப்பா மூடிய பலகைகளுக்குப் பின்னால், தைக்க ஒன்றும் இல்லாத மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாங்கள் ஏன் நாலு மணிக்குத் திறக்கிறம்?"

"இதென்ன கேள்வி? கப்பல்காரரை நாலு மணிக்குத்தானே கரைக்கு விடுறவங்கள்…"

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குத் தன் பேச்சு தன் காதில் விழுந்தது. எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தார்.

"கப்பல்காரர் போயிட்டினம் அப்பா. மூதூர்ச் சனம் விடிய வந்து, மத்தியானம் போயிடுகுது. நாங்கள் திறக்கேக்குள்ள தெருவில ஒருத்தரும் இல்லை. இண்டைக்கு ஒரு மாமி எங்கட கதவிலதான் தட்டினவ!"

அப்பாவின் முகம் சிவந்தது. தவறு தன்னுடையது என்று தெரிந்தால் பெரியவர்களுக்குச் சில வேளை கோபம்தான் முதலில் வரும்.

"அப்ப நான் ரெண்டு வருசமா நித்திரை கொண்டனான் எண்டு சொல்லுறியோ? அவையள் சந்தைக்குப் போற சனம். கப்பல்காரருக்குத் தைச்ச என்னட்ட வந்து என்ன கேக்கப் போகினம்? முதலாளிக்கு வாக்குக் குடுத்தாச்சு. இனிக் கதைக்காதை."

இன்பமலர் வாயை மூடிக்கொண்டாள். மூளையை மூடவில்லை. மீன் சரையை அதற்குள் பூனை பிரித்துவிட்டிருந்தது. அதற்கும் அம்மாவிடம் ஏச்சு விழுந்தது.

* * *

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்மா முதல் பஸ்ஸிலேயே கப்பல்துறைக்குப் போய்விட்டார். மாமா வீட்டு அறையைக் கூட்டிக் கழுவ வேண்டுமாம். இரவுதான் திரும்புவார். ஒன்பது மணிக்கு அப்பா சேட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"முதலாளியின்ர கந்தோரில கையெழுத்து வைக்க வேணும். வீட்டைப் பார்த்துக்கொள்."

அப்பாவின் தலை மறைந்ததும் இன்பமலர் கடைக்குள் வந்தாள். முன்கதவு முழுக்க நெட்டைப் பலகைகள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழற்ற வேண்டும். அப்பாவைக் கேட்காமல் கடையைத் திறப்பது சின்ன விஷயமில்லை. முதுகில் இரண்டு விழலாம். ஆனால் இன்று விட்டால் இனி எப்போதும் இல்லை.

அவள் முதல் பலகையைத் தூக்கினாள். அது அவளையே தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு விரல் நசுங்கியது. மூச்சு வாங்கி வாங்கி நாலு பலகைகளைக் கழற்றினாள். ஐந்தாவது அசையவே இல்லை. சரி, ஒரு ஆள் நுழைய இடம் வந்துவிட்டது.

கடலில் காற்று பலமாக இருந்தது. லோஞ்சு வரவில்லை. ஒன்பதரை ஆனது. அவள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கடைசியில் ஆட்கள் தெருவில் வரத் தொடங்கினார்கள். வந்தார்கள், கடந்து போனார்கள். காலையில் எப்போதும் மூடியே கிடந்த கடைகளை யார்தான் திரும்பிப் பார்ப்பார்கள்?

"உம்மா! இங்க பாருங்க, திறந்திருக்கு!"

ஜெமீலின் குரல்! அவன் தாயின் கையை இழுத்துக்கொண்டு வந்தான். தாய், நஜ்முன் நிஸா, பையில் இருந்து வெள்ளைத் துணியையும் நீலத் துணியையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இண்டைக்கே தருவீங்களா மகள்?"

"ஓம் மாமி. வெள்ளிக்கிழமையில ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு ரெண்டு மணிக்குத்தானே லோஞ்சு? அதுக்கு முதல் தருவம்."

அவள் ஜெமீலை நிமிர்ந்து நிற்கச் சொல்லி அளவு எடுத்தாள். தோள், கை, இடுப்பு எல்லாம் ஒழுங்காக எழுதினாள். நஜ்முன் நிஸா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"சரி, வெட்டுற ஆள் எங்க? வாப்பா உள்ளுக்கா?"

அப்போதுதான் இன்பமலருக்கு உறைத்தது. அவளுக்குத் தைக்கத் தெரியும். பொத்தான் துளை நன்றாகவே போடுவாள். துணி வெட்டத் தெரியாது. வெட்டுகிறவரோ இரண்டு தெரு தள்ளி, கடையையே கொடுத்துவிடக் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்!

"இப்ப… இப்ப கூட்டிக்கொண்டு வாறன்! ஜெமீல், நான் வரும்வரைக்கும் கடையைப் பார்த்துக்கொள்ளும்!"

"நானா?" என்றான் ஜெமீல். ஆனால் உடனே அப்பாவின் முக்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

உடுப்பை வாங்கிக்கொண்டு நேரே இறங்குதுறைக்கு வரும்படி மகனிடம் சொல்லிவிட்டு, நஜ்முன் நிஸா சாப்பாட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்பமலர் கந்தோர் என்ற முதலாளியின் அலுவலகத்துக்கு ஓடினாள். காற்றில் பாவாடை காலைச் சுற்றியது. ஒரு தரம் விழுந்து எழும்பினாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது அப்பா பேனையைக் கையில் பிடித்திருந்தார். எதிரே கனகரத்தினம் முதலாளி கதிரையில் சாய்ந்திருந்தார்.

"அப்பா! ஒரு ஓடர் எடுத்திட்டன்!"

"என்ன எடுத்திட்டாய்?"

"ஒரு பள்ளிக்கூடப் பொடியனுக்கு வெள்ளைச் சேட்டு ஒண்டு, நீலக் காற்சட்டை ஒண்டு. ரெண்டு மணி லோஞ்சுக்கு முதல் தாறதெண்டு சொல்லிப்போட்டன்."

அப்பாவின் கண் உருண்டது. "ஆரைக் கேட்டுக் கடையைத் திறந்தனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை" என்றாள் இன்பமலர். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆனா அந்த மாமி துணியை நம்பித் தந்திட்டுப் போயிட்டா."

கந்தோர்ச் சுவர் மணிக்கூடு அடித்தது. பத்து மணி. அப்பா பேனையைப் பார்த்தார், மகளின் நசுங்கிய விரலைப் பார்த்தார். பிறகு பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"முதலாளி, நாலு மணிக்குள்ள வந்து இதை முடிக்கிறன்."

"என்ன பேணாட், ஒரு சின்னப் பொடியன்ர சேட்டுக்காகவோ? வாக்குக் குடுத்தது நீர் இல்லையே, பிள்ளைதானே!"

"என்ர கடையில வைச்சுக் குடுத்த வாக்கு, முதலாளி."

வழியெல்லாம் அப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். இன்பமலர் ஏச்சை எதிர்பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

கடை வாசலுக்கு வந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். உள்ளே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஜெமீல் வாசலில் நின்று போவோர் வருவோரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சாச்சா, இங்க வாங்க! தைக்கிறவர் இப்ப வந்திருவாரு! கெட்டிக்கார ஆளாம்!"

அப்பாவைப் பார்த்ததும் அவன் முக்காலியைத் தன் கையாலேயே துடைத்து, "இருங்க மாஸ்டர்" என்றான். அப்பாவின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று இன்பமலருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"மற்றவையின்ர துணியை வாங்கி வை. நாளைக்குத் தரலாம் எண்டு சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டு அப்பா கத்தரிக்கோலை எடுத்தார்.

வெள்ளைத் துணி என்றால் அப்பாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கத்தரிக்கோல் நிற்காமல் ஓடியது. அவர் பெரிய மெசினில் சேட்டைத் தைத்தார். இன்பமலர் சின்ன மெசினில் காற்சட்டையின் நேர்த்தையலை ஓட்டினாள். இரண்டு மெசினும் ஒன்றாக ஓடும் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக் குலசிங்கம் பலகையை நீக்கி எட்டிப் பார்த்தார்.

"என்ன பேணாட், காலமையிலேயே திறந்திட்டீர்!"

அவர் தலையைக் கண்டதுதான் தாமதம், ஒரு கிழவர் கேட்டார். "தம்பி, சவர்க்காரம் இருக்கா? ஆஸ்பத்திரியில மகளுக்குக் குடுக்கணும்."

குலசிங்கம் முதலில் சவர்க்காரத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு மளமளவென்று மற்றப் பலகைகளையும் கழற்றினார்.

மணி ஒன்று. காற்சட்டை முடிந்துவிட்டது. சேட்டுக்குக் கழுத்துப்பட்டி ஏறிவிட்டது. பொத்தான்கள்தான் பாக்கி. அப்போது தெருவில் லோஞ்சுக்காரரின் ஆள் கத்திக்கொண்டு வந்தான்.

"காத்து எழும்புது! ரெண்டு மணி வரைக்கும் நிக்க ஏலாது! லோஞ்சு ஒண்டரைக்கே வெளிக்கிடும்!"

அப்பா தலை நிமிரவில்லை. "இன்பம், பொத்தான்."

ஆறு பொத்தான்கள். துளைகளை அவள் முன்பே போட்டுவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று… ஊசி விரலில் குத்தியது. நசுங்கிய விரல் வேறு வலித்தது. நாலாவது, ஐந்தாவது… இறங்குதுறையில் லோஞ்சு ஊதியது.

"உம்மா அங்க வந்திருப்பாங்க! விட்டிட்டுப் போயிருவாங்க!" ஜெமீலின் குரல் உடைந்தது.

"பொத்தான் குறைவா ஒரு சேட்டும் இந்தக் கடையால வெளிய போகாது" என்றார் அப்பா.

இன்பமலர் நிமிர்ந்தாள். "அப்ப கடையும் என்னோட வரட்டும்!" என்று ஊசி நூலோடு சேட்டை அள்ளிக்கொண்டு ஓடினாள். காற்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெமீல் பின்னால் ஓடினான்.

லோஞ்சுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நஜ்முன் நிஸா எழுந்து நின்று, "என்ட மகன் வரல்ல! நிப்பாட்டுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏறு, ஏறு!" என்றார் லோஞ்சுக்காரர்.

"ஒரு நிமிசம் அண்ணை! ஒரு பொத்தான்தான்!" இன்பமலர் இறங்குதுறைப் பலகையிலேயே உட்கார்ந்து, ஆறாவது பொத்தானைத் தைக்கத் தொடங்கினாள்.

"பொத்தானுக்காக லோஞ்சை நிப்பாட்டின கதையை நான் கேள்விப்பட்டதில்லை!" என்று லோஞ்சுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கயிற்றை விடவில்லை. அறுபது பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். காற்று சேட்டைப் பிடுங்கப் பார்த்தது. ஜெமீல் அதன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு இன்பமலர் சேட்டை நீட்டினாள். ஜெமீல் போட்டிருந்த பழைய சேட்டுக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு லோஞ்சில் தாவினான். கழுத்தும் தோளும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

"காலமை குடுத்ததா இது? மத்தியானமே தந்திட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"எந்தக் கடை புள்ள?" என்றார் இன்னொருவர்.

"கொடிக்கம்பத் தெரு! பேணாட் மாஸ்டர்!" இன்பமலர் காற்றை மீறிக் கத்தினாள். லோஞ்சு தூரத்தில் போன பிறகும் ஜெமீல் கை அசைத்துக்கொண்டே இருந்தான்.

* * *

ஆனால் நாலு மணி வரத்தானே வேண்டும்? வந்தது.

கனகரத்தினம் முதலாளி, கையெழுத்து வைக்க வேண்டிய கடிதத்தோடு கடைக்கே வந்துவிட்டார். அப்பா எழுந்து, ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்தார். அப்பா ஒரு நாளும் சொன்ன சொல் மாறாதவர். அது அவளுக்குத் தெரியும். அதுதான் இப்போது பிரச்சினை.

"முதலாளி" என்றாள் அவள் மெதுவாக. "இந்த மூண்டு துணியையும் நாளைக்குத் தாறதெண்டு அப்பா சொல்லிப்போட்டார். அதுவரைக்கும் பொறுப்பீங்களோ?"

"சரி, நாளைக்குப் பின்னேரம்."

"நாளைக்குக் காலமை துணி கொண்டு வாறவைக்கு?"

"அவைக்கு… திங்கக்கிழமை குடுத்து முடிக்கட்டும்."

"திங்கக்கிழமை வாறவைக்கு?"

முதலாளி அப்பாவிடம் திரும்பினார். "பேணாட், அப்ப எனக்கு எப்பதான் திறப்பு?"

அப்பா கையில் இருந்த திறப்பைப் பார்த்தார். "அதுதான் எனக்கும் விளங்கேல்லை, முதலாளி. சொன்ன சொல்லை மாத்திறனெண்டு என்னைக் கோவியுங்கோ. பிழை என்ரதான். ரெண்டு வருசமாப் போயிட்ட கப்பலுக்குக் கடை திறந்துகொண்டு இருந்திருக்கிறன்."

முதலாளி வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். குலசிங்கம், இருந்த சவர்க்காரம் எல்லாம் முடிந்துபோய், வெறும் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாலு கடைக்காரரும் அவரைச் சுற்றி நின்று, என்ன நடந்தது என்று துளைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கோபம்தான்" என்றார் முதலாளி. "ஒரு லொறி உரம் வந்து நிக்குது. ஆனா நானும் ஒரு வியாபாரி. ஆள் வாற தெருவில மூட்டை அடுக்கினா என்னைத்தான் சிரிப்பினம். வேற கிட்டங்கி பாக்கிறன்." அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அப்பா அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு இன்பமலரின் கையை எடுத்து, வீங்கிய விரலைத் தடவிக் கொடுத்தார்.

"கேட்காமல் திறந்தது பிழை" என்றார்.

"ஓம் அப்பா."

"ஐஞ்சாவது பலகையைக் கீழ இருந்து தட்டித்தான் தூக்க வேணும். நாளைக்குக் காட்டித் தாறன்."

மறுநாள் காலை இன்பமலர் இன்னும் பாயில்தான் கிடந்தாள். தெருவில் தடார் தடார் என்று ஒரே சத்தம். குலசிங்கத்தின் கடை, அதற்கு அடுத்த கடை, அதற்கும் அடுத்த கடை என்று ஒவ்வொன்றாகப் பலகைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பும் முன்பே அப்பா திரைச்சீலையை விலக்கினார்.

"எழும்பு பிள்ளை, கெதியா எழும்பு. லோஞ்சு வருது!"